ஈரலில் ஒளிந்திருக்கும் கிருமி



மஞ்சள் காமாலையை அறியாதவர் நம் விழுப்புரம், திண்டிவனம் பகுதியில் இல்லை. கண் மஞ்சளாகும், சிறுநீர் மஞ்சளாகும், சோறு பிடிக்காது. ஆனால் இந்த அடையாளம் ஒன்றும் காட்டாமல் இருபது, முப்பது வருடம் ஈரலில் தங்கியிருக்கும் கிருமி ஒன்று உண்டு. அதுதான் ஹெபடைடிஸ் 'பி'. ஆறு மாதத்திற்கு மேல் அது இரத்தத்தில் நிலைத்துவிட்டால் நாள்பட்ட நோய் என்கிறோம். சிலருக்கு அது ஈரல் சுருக்கத்திலும் புற்றுநோயிலும் கொண்டுபோய் விடுகிறது.

எத்தனை பேருக்கு இது இருக்கிறது? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022ல் உலகில் 25 கோடியே 40 லட்சம் பேர். இந்தியாவில் மட்டும் ஏறக்குறைய 3 கோடி பேர். சீனாவுக்கு அடுத்த இடம் நமக்குத்தான். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரும் பேருந்தில் ஐம்பது பேர் இருந்தால், கணக்குப்படி அதில் ஒருவருக்கு இருக்கலாம். தமிழ்நாட்டில் நடத்தி 2005ல் வெளியிட்ட ஓர் ஆய்வில் நூற்றுக்கு 5.7 பேரிடம் இக்கிருமி காணப்பட்டது. நோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது.

இது இரத்தத்தின் வழியாகவும், உடலுறவின் வழியாகவும், பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கும் பரவுகிறது. கொதிக்க வைக்காத ஊசி, பலருக்குப் போட்ட சவரக் கத்தி, காது குத்தும் ஊசி எல்லாமே ஆபத்து. உடலுக்கு வெளியே ஏழு நாளாவது இக்கிருமி உயிரோடிருக்கும். ஆனால் ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, கட்டியணைப்பதாலோ, தாய்ப்பாலாலோ பரவாது. இதை அறியாமல் சில வீடுகளில் மருமகளுக்குத் தனித் தட்டு, தனிப் பாய் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். நோயைவிட அந்த ஒதுக்கல்தான் அவர்களை அதிகம் வாட்டுகிறது.

"கீழாநெல்லி சாப்பிட்டால் போதாதா?" என்று பலர் எங்களிடம் கேட்கிறார்கள். 1988ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், இக்கிருமியைக் கண்டறிந்து 1976ல் நோபல் பரிசு பெற்ற டாக்டர் பிளம்பெர்க்குடன் சேர்ந்து, கீழாநெல்லியால் பலருக்கு இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்ததாக எழுதினார்கள். பின்னர் வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை. தண்ணீரால் வரும் சாதாரண காமாலை பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும். பெயர் மூலிகைக்குப் போய்விடுகிறது. நாள்பட்ட 'பி' அப்படி ஆறுவதில்லை.

எல்லாவற்றிலும் முக்கியமான நேரம் பிரசவ நேரம். பெரியவருக்குத் தொற்றினால் நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவாகவே அது நாள்பட்டதாகும். பிறக்கும்போது தொற்றிய குழந்தைகளிலோ நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு அது நிலைத்துவிடும். ஆகவே கர்ப்பிணித் தாய்மார் அனைவருக்கும் இரத்தப் பரிசோதனை வேண்டும். குழந்தை பிறந்த 24 மணி நேரத்திற்குள் முதல் தடுப்பூசி போட வேண்டும். தாய்க்கு நோய் இருந்தால் இம்யூனோகுளோபுலின் ஊசியும் சேர்த்துப் போட வேண்டும். பிறகு 6, 10, 14 வாரங்களில் ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசி. இதை 2011 டிசம்பரில் இந்தியாவிலேயே முதலில் தொடங்கியவை தமிழ்நாடும் கேரளமும்தான். வீட்டில் பிறந்து, மூன்று நாள் கழித்து வரும் குழந்தைக்கு அந்த முதல் நாள் திரும்பக் கிடைப்பதில்லை.

நோய் உள்ளவர்களுக்கும் நம்பிக்கை உண்டு. எல்லாருக்கும் மருந்து தேவைப்படாது. தேவைப்படுவோர் தினமும் ஒரு டெனோஃபோவிர் மாத்திரை சாப்பிட்டுக் கிருமியை அடக்கி வைக்கலாம். 2018ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் மையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். மாத்திரையைத் தாமாக நிறுத்துவது ஆபத்து.

பிரியமானவர்களே, உங்கள் காணிக்கை ஏழைத் தாயின் பரிசோதனைக்கும், அவள் பிள்ளையின் முதல் நாள் ஊசிக்கும் உதவுகிறது. அதோடு இன்னொன்றும் கேட்கிறோம். நீங்களும் ஒருமுறை இரத்தம் பரிசோதித்துக்கொள்ளுங்கள். உங்கள் சபையில் இந்நோய் உள்ளவர் இருந்தால் அவரோடு ஒரே பந்தியில் உட்காருங்கள். அவர்களுக்காகவும், இரவும் பகலும் பிரசவ வார்டில் உழைக்கும் நம் செவிலியர்களுக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.