கடற்காகத்தின் கறுப்புக் கரை

வேதாரண்யத்து வாசகர் ஒருவர் கோடியக்கரையில் எடுத்த இரண்டு படங்களை அனுப்பி, “இதில் பழுப்புத்தலைக் கடற்காகம் எது, கருந்தலைக் கடற்காகம் எது? இரண்டுக்கும் தலை வெள்ளையாகத்தானே இருக்கிறது?” என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. இரண்டுமே நம் பக்கம் குளிர்காலத்துக்குத்தான் வருகின்றன. அப்போது தலை வெளுத்து, காதோரம் ஒரு கரும்பொட்டு மட்டும் மிஞ்சியிருக்கும். தலையை விட்டுவிட்டு இறக்கை நுனியைப் பாருங்கள்.

வளர்ந்த பழுப்புத்தலைக்கு நுனி நன்றாகக் கறுத்திருக்கும். அந்தக் கறுப்புக்கு நடுவே வெள்ளைத் திட்டுகள். கருந்தலைக்கோ நுனிப்பக்கத்து முன்விளிம்பு நெடுக வெள்ளை, பின்விளிம்பில்தான் கறுப்பு. உருவிலும் அது சற்றுச் சிறியது.

எனக்குப் பிடித்தது அந்தக் கறுப்புதான். உடம்பெல்லாம் வெள்ளையும் சாம்பலுமாக இருக்க, நுனி மட்டும் ஏன் கறுக்க வேண்டும்? மெலனின் என்ற நிறமி இறகுக்கு நிறத்தோடு உறுதியும் தருகிறது. வெள்ளை இறகு சீக்கிரம் தேயும். அப்பாவின் வேட்டி நடுவில் நைந்து போனாலும் கரை அசையாது. அதைக் கிழித்துத்தான் வீட்டில் பந்தல்கொடி கட்டுவோம். அந்தக் கணக்குதான் இங்கேயும். லடாக்கின் த்ஸோ கர், த்ஸோ மோரிரி போல 4,500 மீட்டர் உயரத்து ஏரிகளில் குஞ்சு பொரிக்கும் பறவை பழுப்புத்தலை. பறக்கும் பெரிய இறகுகள் வருடத்துக்கு ஒருமுறைதான் புதிதாக முளைக்கும். மலையைத் தாண்டிக் கடலுக்கு வந்து, மறுபடி ஏறிப் போகும்வரை அதே நுனிதான் காற்றை வெட்ட வேண்டும்.

இறக்கை விரிந்தால்தானே தெரியும் என்று கைதட்டி, மணலில் ஜீப்பை விட்டு, மொத்தக் கூட்டத்தையும் கிளப்பிப் படமெடுக்கிறவர்கள் உண்டு. எனக்கு அது பொறுக்காது. அலகால் கோதி முடித்ததும் பறவை தானாகவே ஒரு பக்கத்து இறக்கையை நீட்டிச் சோம்பல் முறிக்கும். கால் மணி நேரம் உட்கார முடியாதவருக்கு எதற்குப் பைனாகுலர்? மிக்சரை வீசிக் கூப்பிடுவதும் வேண்டாம். மீனும் புழுவும் தின்கிற வயிறு அது.

உட்கார்ந்திருக்கும்போதே தெரிய வேண்டுமானால் கண்ணைப் பாருங்கள். வளர்ந்த பழுப்புத்தலைக்கு விழி வெளிறியிருக்கும், கருந்தலைக்குக் கருவிழி. இளம் பறவைகளிடம் இது செல்லாது, இரண்டுக்குமே கண் கறுப்பு. வாசகரின் இரண்டாவது படத்தில் இருப்பது வெளிறிய விழி.