ஸ்கூட்டரில் பெட்ரோல் ஒழுகினால்...

நம் சங்கக் குடும்பங்களில் சில வீடுகளின் மாடிப்படிக்குக் கீழே இன்னும் ஒரு பழைய பஜாஜ் சேதக் நின்றுகொண்டிருக்கும். 1972-ல் வந்த வண்டி. டூ ஸ்ட்ரோக் எஞ்சின். வேலை தேடி வடக்கே வந்த நம்மில் பலர் முதன்முதலாக வாங்கிய வாகனம் அதுதான். அதனால் விற்கவும் மனம் வருவதில்லை.

மறைந்த என் நண்பர் ஒருவரின் சேதக்கும் அப்படித்தான். மூன்று ஆண்டு சும்மா நின்றதை அவர் மகன் மீண்டும் ஓட்டத் தொடங்கினான். தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது நண்பரின் மனைவி என்னிடம், "அண்ணா, வீடு முழுக்கப் பெட்ரோல் வாடை. மெக்கானிக் இரண்டு தடவை ஊசி மாற்றிவிட்டார். பத்து நாள் சரியாக இருக்கிறது, மறுபடி ஒழுகுகிறது. காயலான் கடைக்கே போட்டுவிடலாமா?" என்று கேட்டார். படிக்கட்டை ஒட்டிச் சமையலறை. வாசலில் பட்டாசு கொளுத்தும் பிள்ளைகள். எனக்கும் திக்கென்றது.

முதல் வேலையாக சீட்டுக்குக் கீழுள்ள பெட்ரோல் குழாயை மூடி, வண்டியைத் திறந்த வெளிக்குத் தள்ளச் சொன்னேன்.

இந்த வண்டியில் பெட்ரோல் டேங்க் மேலே, கார்புரேட்டர் கீழே. பம்ப் கிடையாது, பெட்ரோல் தானாகவே இறங்கும். கார்புரேட்டருக்குள் ஒரு மிதவை உண்டு. பெட்ரோல் நிரம்பியதும் மிதவை உயர்ந்து, ஒரு சிறு ஊசியைத் தள்ளித் துவாரத்தை அடைக்கும். நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் பந்து வால்வு செய்யும் அதே வேலைதான். அடைக்காவிட்டால் பெட்ரோல் நிரம்பி வழியும். எஞ்சினுக்குள்ளும் இறங்கி, பிளக் நனைந்து, எத்தனை உதைத்தாலும் கிளம்பாது.

குழாயை மூடியதும் ஒழுகல் நின்றது. ஆகவே குழாயில் கோளாறில்லை, அதற்குக் கீழேதான். ரப்பர் டியூபையும் கார்புரேட்டரையும் துணியால் துடைத்துவிட்டு, குழாயைத் திறந்து எது முதலில் நனைகிறது என்று பார்த்தேன். டியூப் காய்ந்தே இருந்தது. கார்புரேட்டர்தான் வழிந்தது.

குழாயை மூடிவிட்டு மூடியைக் கழற்றினேன். மிதவை மூடியிலேயே தொங்கும். காதருகே குலுக்கினேன்; உள்ளே பெட்ரோல் தளும்பினால் மிதவை ஓட்டை என்று அர்த்தம். சத்தமில்லை. ஊசி முனையில் தேய்மானம் இல்லை, புதிதாயிற்றே! மூடியைத் துடைத்து, தலைகீழாகப் பிடித்தேன். இப்போது மிதவையின் எடையே ஊசியை அழுத்தும். பெட்ரோல் வரும் வழியில் சுத்தமான சிறு டியூபைச் செருகி மெல்ல ஊதினால் காற்று போகக்கூடாது. போயிற்று!

டார்ச் அடித்துப் பார்த்தால், ஊசி உட்காரும் இடத்தில் மணல் போல ஒரு சிவப்புத் துகள். துடைத்துவிட்டு ஊதினேன்; காற்று நின்றது.

இத்துடன் மூடியிருந்தால் மூன்றாவது தடவையும் ஒழுகியிருக்கும். டீசல் ஷெட்டில் நாங்கள் படித்த பாடம் ஒன்று: பழுதான பாகத்தை மாற்றுமுன், அது ஏன் பழுதாயிற்று என்று கேள். அந்தத் துகள் எங்கிருந்து வந்தது? டேங்கிலிருந்து. பெட்ரோலை வடித்துப் பார்த்தால் அடியில் துரு. இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். அது ஈரத்தை இழுக்கும். பாதி காலியான டேங்க் நின்ற இடத்திலேயே துருப்பிடிக்கும். துருவைத் தடுக்கவேண்டிய சல்லடையும் கார்புரேட்டரில் இல்லை. முன்பு யாரோ கழற்றியவர் திரும்பப் போடவில்லை.

டேங்கைக் கழுவி உலர்த்தினோம். புதுச் சல்லடை, புது டியூப் போட்டோம். ஊசி பழையதே.

நீங்களே பார்ப்பதானால்: எஞ்சின் ஆறியிருக்கவேண்டும், அருகில் விளக்கு, நெருப்பு கூடாது. ஜெட் துவாரங்களில் கம்பி விட்டுக் குத்தாதீர்கள். மூடித் திருகுகளை மிகையாக முறுக்காதீர்கள். மூடி வளைந்து, அதனாலேயே ஒழுகும். மாதக்கணக்கில் ஓட்டாவிட்டால், குழாயை மூடி, எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிட்டு நிறுத்துங்கள்.

அன்றிரவு வண்டிக்கடியில் பழைய செய்தித்தாள் விரித்தோம். காலையில் காய்ந்தே இருந்தது. அதைப் பார்த்து நண்பரின் மனைவி சொன்னார்: "அவர் இருந்தவரைக்கும் தினமும் குழாயை மூடிவிட்டுத்தான் மாடியேறுவார். நாங்கள்தான் மறந்துவிட்டோம்."

இப்போது மகன் மறப்பதில்லை.