உலாவியின் உருவாக்குநர் கருவிகள்

உலாவியின் உருவாக்குநர் கருவிகள் என்பவை, ஒரு வலைப்பக்கம் எவ்வாறு கட்டப்பட்டுள்ளது, அதில் எங்கே பிழை நேர்ந்துள்ளது என்பதை அந்தப் பக்கம் திறந்திருக்கும்போதே பார்க்கவும், திருத்திச் சோதிக்கவும் உதவும் வசதிகள் ஆகும். குரோம், பயர்பாக்ஸ், எட்ஜ், சஃபாரி ஆகிய உலாவிகள் அனைத்திலும் இவை உள்ளன. தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை. விண்டோஸ், லினக்ஸ் கணினிகளில் எஃப்12 விசையை அழுத்தினால் திரையின் ஓரத்திலோ அடியிலோ ஒரு பலகம் திறக்கும். பக்கத்தில் உள்ள ஒரு சொல்லின்மேல் வலச்சொடுக்குச் செய்து ‘இன்ஸ்பெக்ட்’ என்பதைத் தேர்ந்தால், அந்தச் சொல்லுக்குரிய நிரல்வரியிலேயே பலகம் நம்மைக் கொண்டுபோய் நிறுத்தும். சஃபாரியில் மட்டும் முதலில் அமைப்புகளுக்குச் சென்று இவ்வசதியை இயக்கிக்கொள்ள வேண்டும். 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளிலும் இந்த எஃப்12 விசை இருந்தது. அதை அழுத்திப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்பது வேறு செய்தி.

இக்கருவிகளைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு கருத்துப் பிடிபட்டால் போதும். நாம் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது, சர்வர் எனப்படும் வழங்கிக் கணினி அப்பக்கத்தின் படி ஒன்றை நம் கணினிக்கு அனுப்பிவிடுகிறது. ஆசிரியர் கரும்பலகையில் எழுதியதை மாணவர் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வதைப் போன்றது இது. குறிப்பேட்டில் அடித்து எழுதினால் கரும்பலகை மாறாது. உருவாக்குநர் கருவிகளால் நாம் மாற்றுவது குறிப்பேட்டை மட்டுமே. பக்கத்தை மறுபடி ஏற்றினால் பழைய நிலை திரும்பிவிடும். ஆகவே எதையாவது கெடுத்துவிடுவோமோ என்ற அச்சமின்றி மாணவர்கள் இதில் பழகலாம்.

தமிழ்ப் பக்கங்களில் இதன் பயன்

பலகத்தின் முதல் பகுதியான ‘எலிமென்ட்ஸ்’ (பயர்பாக்ஸில் ‘இன்ஸ்பெக்டர்’) பக்கத்தின் எச்.டி.எம்.எல். கட்டமைப்பைக் கிளைகளாகக் காட்டும். அருகிலேயே நிறம், அளவு, இடைவெளி ஆகியவற்றைத் தீர்மானிக்கும் சி.எஸ்.எஸ். விதிகள் இருக்கும்.

‘ஸ்ரீரங்கம்’ என்ற தலைப்பை ஒரு பக்கத்தில் பெரிதாக இட்டிருக்கிறார்கள் என்று கொள்வோம். எழுத்தின் மேலும் கீழும் வெட்டுப்பட்டுத் தெரிகிறது. தமிழ்த் தளங்களில் இது அடிக்கடி காணும் குறை. ஆங்கில எழுத்துகளை மனத்தில் வைத்து வரியின் உயரத்தை இறுக்கமாக அமைத்து, மிஞ்சுவதை மறைக்கும்படியும் விதி எழுதியிருப்பார்கள். ‘ஸ்ரீ’ போன்ற உயரமான எழுத்துக்கும், ‘கு’, ‘ரு’ என்று கீழிறங்கும் எழுத்துகளுக்கும் அந்த இடம் போதாது. தலைப்பை இன்ஸ்பெக்ட் செய்து, ‘லைன்-ஹைட்’ என்ற விதியில் 1 என்று இருப்பதை 1.5 என்று மாற்றிப் பார்த்தால் எழுத்து முழுமையாகத் தெரியும். பிறகு அதே மாற்றத்தை மூலக் கோப்பில் செய்தால் வேலை முடிந்தது.

எழுத்துருக் குழப்பத்தையும் இங்கேயே தீர்க்கலாம். விதியில் ‘லதா’ என்று எழுதியிருக்கும். ஆனால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் உலாவி வேறொன்றை எடுத்துக்கொள்ளும். விண்டோஸில் அது நிர்மலாவாகவும், ஆண்ட்ராய்டில் நோட்டோவாகவும் இருக்கக்கூடும். உண்மையில் எந்த எழுத்துரு பயன்பட்டது என்பதைக் குரோமில் ‘கம்ப்யூட்டட்’ பகுதியின் அடியிலும், பயர்பாக்ஸில் ‘ஃபான்ட்ஸ்’ பகுதியிலும் காணலாம்.

இவற்றைவிடச் சுவையானது ‘கன்சோல்’. ஜாவாஸ்கிரிப்ட் கட்டளை ஒன்றை எழுதி உடனே விடை பெறும் இடம் இது. பிழைச் செய்திகளும் இங்கேதான் சிவப்பில் வரும். ‘ஜீயபுரம்’ என்ற சொல்லை மேற்கோள்குறிக்குள் இட்டு, ‘லெங்த்’ என்ற பண்பின் வழியே அதன் நீளத்தைக் கேட்டால் விடை 8 என்று வரும். நாம் எண்ணினால் ஐந்தே எழுத்து. யூனிகோடில் ‘ஜீ’ என்பது ஜகரமும் ஈகாரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியெண்கள்; ‘பு’, ‘ம்’ ஆகியவையும் அப்படியே. ‘திருச்சிராப்பள்ளி’க்கு 9 எழுத்து, கணினிக் கணக்கில் 17. பெயரை நிரப்பும் படிவத்தில் பத்துக்கு மேல் ஏற்காதபடி வரம்பு வைத்தவர், தமிழில் எழுதுபவருக்கு ஐந்தாறு எழுத்துக்குமேல் இடம் தரவில்லை என்பது இந்தச் சோதனையில் தெரிந்துவிடும்.

கண்ணுக்குத் தெரியாத பிழையும் உண்டு. ‘கொள்ளிடம்’ என்று தேடுகிறோம். பக்கத்தில் அந்தச் சொல் கண்முன்னே இருக்கிறது. ஆனால் தளத்தின் தேடல் ‘கிடைக்கவில்லை’ என்கிறது. இரண்டையும் கன்சோலில் இட்டு நீளம் கேட்டால் ஒன்று 9, மற்றொன்று 10 என்று வரலாம். ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். பார்வைக்கு வேறுபாடே இராது. ஜாவாஸ்கிரிப்டில் உள்ள ‘நார்மலைஸ்’ என்ற செயற்கூறு இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும். தமிழ்த் தளம் அமைப்பவர் தேடல் பகுதியில் இதைச் சேர்க்காமல் விடுவது, நூலகத்தில் நூலை வைத்துக்கொண்டே இல்லை என்று சொல்வதற்குச் சமம்.

‘நெட்வொர்க்’ பகுதி, பக்கத்துக்காக எந்தெந்தக் கோப்புகள் வந்தன, ஒவ்வொன்றின் அளவு என்ன, எவ்வளவு நேரம் பிடித்தது என்று காட்டும். வராத கோப்பின் எதிரே 404 என்ற எண் இருக்கும். இணைப்பு வேகத்தைச் செயற்கையாகக் குறைத்துப் பார்க்கும் வசதியும் உண்டு. நகரத்து அலுவலகத்தில் நொடியில் திறக்கும் தளம், சிக்னல் மங்கிய கிராமத்துக் கைபேசியில் எப்படி நொண்டும் என்பதை உருவாக்குநர் தம் இருக்கையிலேயே அறியலாம். கைபேசியில் மட்டும் தோன்றும் குறையைக் காண, ஆண்ட்ராய்டு கைபேசியை யு.எஸ்.பி. கம்பியால் கணினியோடு இணைத்துக் கணினியின் குரோமில் பார்க்க முடியும்.

வரலாறு

தொடக்கத்தில் பிழை தேடுவோர் நிரலின் நடுவே ஆங்காங்கே எச்சரிக்கைப் பெட்டி தோன்றும்படி எழுதி, எதுவரை ஓடியது என்று ஊகிப்பார்கள். 2006-இல் ஜோ ஹியூவிட் பயர்பாக்ஸுக்காக வெளியிட்ட ‘ஃபயர்பக்’ என்ற நீட்சி இந்நிலையை மாற்றியது. அதே ஆண்டு வெப்கிட் திட்டமும் தன் ஆய்வுக் கருவியை வெளியிட்டது. 2008 செப்டம்பரில் வந்த குரோம் அந்த வெப்கிட்டின்மீது கட்டப்பட்டது; குரோம் உருவாக்கத்தில் தலைமைப் பங்கு வகித்தவர் மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை. கருவிகள் உலாவிகளுக்குள்ளேயே இடம்பெற்றுவிட்டதால் ஃபயர்பக் 2017-இல் நிறுத்தப்பட்டது.

இரகசியமும் ஏமாற்றும்

படி நம் கையில் இருக்கிறது என்பதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. திரையில் தெரியாவிட்டாலும், பக்கத்தோடு அனுப்பப்பட்ட எதுவும் இரகசியம் அல்ல. அமெரிக்காவின் மிசௌரி மாநிலக் கல்வித்துறைத் தளத்தில் ஆசிரியர்களின் சான்றிதழ் விவரங்களைத் தேடும் பக்கம் இருந்தது. அதன் மூல நிரலுக்குள் ஆசிரியர்களின் சமூகப் பாதுகாப்பு எண்கள் கிடந்ததை 2021 அக்டோபரில் ‘செயின்ட் லூயிஸ் போஸ்ட்-டிஸ்பாட்ச்’ நாளிதழின் செய்தியாளர் கண்டார். நாளிதழ் துறைக்குத் தகவல் தந்து, குறை சரிசெய்யப்படும்வரை காத்திருந்தே செய்தி வெளியிட்டது. ஆளுநர் மைக் பார்சனோ செய்தியாளரை ஊடுருவியவர் என்று குற்றஞ்சாட்டி, வழக்குத் தொடர வேண்டும் என்றார். 2022 பிப்ரவரியில் அரசு வழக்கறிஞர் குற்றச்சாட்டு ஏதும் பதிவதில்லை என முடிவு செய்தார். விடைத்தாளின் பின்பக்கத்திலேயே விடையை அச்சிட்டுக் கொடுத்துவிட்டு, திருப்பிப் பார்த்த மாணவரைத் தண்டிக்கக் கேட்டதை ஒத்தது இது. ஆனால் நமக்கு வந்த படியைப் பார்ப்பது வேறு. கோரிக்கையை மாற்றி அனுப்பிப் பிறருடைய விவரங்களைச் சர்வரிலிருந்து பெற முயல்வது வேறு. பின்னது இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன்கீழ் குற்றமாகும்.

திரைப்பிடிப்பு ஆதாரம் ஆகாது என்பதும் இதிலிருந்தே பெறப்படும். மதிப்பெண் 48 என்பதை 84 ஆக்க எலிமென்ட்ஸ் பகுதியில் இரண்டு சொடுக்குப் போதும். பணம் திருப்பித் தருவதாகச் சொல்லித் தொலைபேசியில் ஏமாற்றுவோர் இதையே பயன்படுத்துகிறார்கள். கணினித் திரையின் கட்டுப்பாட்டைப் பெற்று, வங்கிப் பக்கத்தில் தெரியும் இருப்புத்தொகையைத் தற்காலிகமாகக் கூட்டிக் காட்டி, ‘தவறுதலாக அதிகம் அனுப்பிவிட்டோம், மீதியைத் திருப்புங்கள்’ என்பார்கள். அப்போது பக்கத்தை மறுபடி ஏற்றினால் உண்மையான தொகை தெரிந்துவிடும்.

கன்சோலில் ஒட்டச் சொல்லி யாரோ அனுப்பும் நிரலை ஒட்டவே கூடாது. பக்கத்தில் நாம் உள்நுழைந்திருக்கும்போது அந்நிரல் நம் பெயரால் எதையும் செய்யும். இதனால்தான் பேஸ்புக் பக்கத்தில் கன்சோலைத் திறந்தால் பெரிய எழுத்தில் ‘நிறுத்துங்கள்’ என்ற பொருளில் எச்சரிக்கை வருகிறது. குரோமும் பயர்பாக்ஸும் புதியவர் முதன்முறை ஒட்ட முயலும்போது தடுத்து, ஒட்ட அனுமதிப்பதாக அவர் தம் கையால் தட்டச்சு செய்த பின்னரே விடுகின்றன.