வழியை நோக்கும் விழிகள்

யட்டியாந்தோட்டையிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்திற்குப் புறப்படும் வானில் இடம் போதுவதில்லை. பயணம் செல்பவர் ஒருவர். வழியனுப்புபவரோ பத்துப் பேர். இறப்பர் பால் வெட்டிப் பிள்ளையை வளர்த்த தந்தையும், கொழுந்து பறித்துக் காய்ப்பேறிய விரல்களையுடைய தாயும் ஓர் எல்லையில் நின்றுவிட வேண்டும். அதற்கப்பால் பயணிக்கு மட்டுமே அனுமதி.

மலையகத்திற்குப் பிரிவு புதியதன்று. 1964 ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் தலைமன்னாரில் கப்பலேறியவர்களுள் பலர் தம் உறவுகளை மீண்டும் காணவேயில்லை. இன்றைய பிரிவோ நாமே விரும்பி ஏற்றது என்பர். வறுமை எடுத்த முடிவை அவ்வாறு சொல்லலாமா?

தோபித்து நூலிலும் இதே காட்சி உண்டு. பார்வையிழந்த தோபித்து, மேதியாவில் கொடுத்துவைத்த வெள்ளியைப் பெற்றுவர ஒரே மகன் தோபியாவை அனுப்புகிறார். பணத்தைவிடப் பிள்ளை பெரிதல்லவா என்று தாய் அன்னா அழுகிறார். மகனோடு நடந்தவர் வானதூதர் இரபேல் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அழுதிருப்பார் என்றே எண்ணுகிறேன். ஆகவே, விமான நிலையத்தில் அழும் தாயிடம், "விசுவாசம் இல்லையா?" என்று கேட்காதீர்கள்.

திருமண விருந்தால் தோபியாவின் வருகை தாமதமாயிற்று. அன்னா உணவை மறுத்து, நாள்தோறும் மகன் சென்ற வழியையே பார்த்திருந்தார். தந்தை நாள்களை எண்ணிக்கொண்டிருப்பார் என்பதை மகனும் அறிந்திருந்தான். மாமனார் வற்புறுத்தியும் தங்காமல் புறப்பட்டான்.

வெளிநாட்டில் வாழும் அன்புப் பிள்ளைகளே, "அடுத்த நத்தாருக்கு வருவேன்" என்று அன்று விடைபெற்றீர்களே. லயத்துச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் அந்த நாளை அம்மா வட்டமிட்டு வைத்திருக்கிறார்.