ஒரே ஒரு சிகரெட்தானே!

"நினைத்தால் விட்டு விடுவேன்" என்கிற வாலிபர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கல்லூரியில் இருந்து மகன் வீட்டுக்கு வருகிறான். சட்டையைக் கழற்றிக் கொடியில் போடுகிறான். துவைப்பதற்காக அதை எடுக்கிறாள் அம்மா. குப்பென்று ஒரு வாடை!

"என்னடா இது? சிகரெட் வாடை அடிக்கிறதே!"

"தினமும் பிடிக்கிறவன் இல்லை, அம்மா. எப்போதாவது ஒன்று. சிநேகிதர்கள் கொடுத்தால் பிடிப்பேன். நினைத்தால் இந்த நிமிஷமே விட்டு விடுவேன்."

அம்மாவுக்குப் பாதி நிம்மதி. "ஒன்றுதானே!" என்று அவளும் நினைத்துக் கொள்கிறாள்.

பல வீடுகளில் நடக்கும் பேச்சு இது. மகன் பொய் சொல்லவில்லை. மனதார அப்படித்தான் நம்புகிறான். அந்த நம்பிக்கை சரியா? அதுதான் கேள்வி.

பழைய எண்ணம்

நெடுங்காலம் டாக்டர்கள் பலரும் அப்படித்தான் நம்பினார்கள். தினமும் ஐந்து, பத்து என்று வருஷக் கணக்கில் பிடிப்பவன்தான் சிகரெட்டுக்கு அடிமை ஆவான், எப்போதாவது பிடிப்பவனுக்குப் பயம் இல்லை என்பது அவர்கள் எண்ணம்.

1964-ம் ஆண்டு அமெரிக்க அரசாங்கத்தின் தலைமை டாக்டர் ஓர் அறிக்கை வெளியிட்டார். சிகரெட்டினால் நுரையீரலில் புற்றுநோய் வருகிறது என்று அது உலகத்துக்குச் சொன்னது. ஆனால் அந்த அறிக்கைகூட, புகை பிடிப்பதை வெறும் "பழக்கம்" என்றே குறிப்பிட்டது. "இது பழக்கம் அல்ல, அடிமைத்தனம்" என்று அதே பதவியில் இருந்தவர் அடித்துச் சொன்னது 1988-ம் ஆண்டில்தான்.

நாலே வாரம்!

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் என்று ஒரு மாநிலம். அங்கே ஜோசப் டிபிரான்சா என்ற டாக்டர், பழைய எண்ணம் சரிதானா என்று பரிசோதித்துப் பார்க்க விரும்பினார். அவரும் அவரது குழுவினரும் 12, 13 வயதுள்ள 681 பள்ளிப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். மீண்டும் மீண்டும் சந்தித்து விசாரித்தார்கள்.

அவர்களில் 95 பிள்ளைகள் எப்போதாவது சிகரெட் பிடிக்கத் தொடங்கியவர்கள். இந்த 95 பேரில் 60 பேரிடம் அடிமைத்தனத்தின் அறிகுறி ஒன்றாவது தென்பட்டது. மாதம் ஒரு முறையாவது பிடிக்கத் தொடங்கிய நாலே வாரத்துக்குள் அறிகுறி கண்டவர்கள், 100-க்கு 22 பேர்!

2000-ம் ஆண்டு இந்த முடிவு வெளியானது. தினமும் பிடித்துப் பிடித்துத்தான் அடிமை ஆகிறார்கள் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். பலருக்கு நடப்பது தலைகீழ். முதலில் அடிமை ஆகிறார்கள். அதனால்தான் பிறகு தினமும் பிடிக்கிறார்கள்.

மூளையில் என்ன நடக்கிறது?

புகையிலையில் நிகோடின் என்ற பொருள் இருக்கிறது. புகையை உள்ளே இழுத்த 10, 20 விநாடிக்குள் அது மூளைக்குப் போய் விடுகிறது. அங்கே ஓர் இன்ப உணர்ச்சியை எழுப்புகிறது. மூளை அந்த ருசியைக் கண்டு கொள்கிறது. மறுபடியும் கேட்கிறது. கிடைக்காவிட்டால் எரிச்சல், படபடப்பு, எதிலும் கவனம் இல்லாமை.

முதலில் இந்த ஏக்கம் பல நாளைக்கு ஒரு முறை வரும். பிறகு நாளுக்கு ஒரு முறை. அப்புறம் மணிக்கு ஒரு முறை.

"சிகரெட் பிடித்தால் மனசு லேசாகிறது" என்பார்கள். அந்தப் படபடப்பில் பெரும் பகுதி சிகரெட்டே உண்டாக்கியதுதான்! பிள்ளையையும் கிள்ளி விட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற வேலை இது.

வாலிப வயதில் மூளை இன்னும் வளர்ந்து கொண்டிருக்கிறது. ஆகவே அந்த வயதில் நிகோடின் பிடித்த பிடி இறுக்கமாக இருக்கிறது.

இதயத்துக்கும் கேடு

"ஒன்றுதானே" என்பவர்களுக்கு இன்னொரு செய்தி. தினம் 20 பிடிப்பவருக்கு இதய நோய் அபாயம் எவ்வளவு கூடுகிறதோ, அதில் ஏறக்குறைய பாதி, தினம் ஒன்றே ஒன்று பிடிப்பவருக்கும் கூடுகிறது! பல ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்து 2018-ல் சொல்லப்பட்ட முடிவு இது.

நீங்களே கேட்டுப் பாருங்கள்

எத்தனை சிகரெட் என்று எண்ண வேண்டாம். இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள்:

விட வேண்டும் என்று முயன்று, முடியாமல் போனது உண்டா?

"ஒன்று பிடித்தால் தேவலை" என்ற ஏக்கம் வந்தது உண்டா?

பிடிக்கக் கூடாத இடத்தில் அடக்கிக் கொள்வது கஷ்டமாக இருக்கிறதா?

பிடிக்காத நாளில் கோபமும் எரிச்சலும் வருகின்றனவா?

ஒரு கேள்விக்கு "ஆம்" என்றாலும், கடிவாளம் உங்கள் கையை விட்டு நழுவுகிறது என்று அர்த்தம்.

விட முடியும்!

இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. விட்டவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். முதல் சில நாட்கள்தான் மிகவும் கஷ்டம். சில வாரங்களில் தணிந்து விடும். ஏக்கம் வரும்போது சில நிமிஷம் தாக்குப் பிடியுங்கள். தண்ணீர் குடியுங்கள், நாலு அடி நடங்கள். அது தானே அடங்கும். சிநேகிதர் ஓசியில் நீட்டினால், "வேண்டாம், விட்டு விட்டேன்" என்று சொல்லுங்கள்.

தனியாக முடியாவிட்டால் டாக்டரைப் பாருங்கள். 1800-11-2356 என்ற அரசாங்க எண்ணுக்குக் கட்டணம் இல்லாமல் போன் செய்து ஆலோசனை கேட்கலாம்.

பெற்றோர்களே! அடிப்பதால் பயன் இல்லை. அடித்தால் பிள்ளை ஒளிந்து பிடிப்பான். "ஒன்றுதானே" என்று விட்டு விடுவதும் தவறு. பக்கத்தில் உட்கார வைத்து மேலே உள்ள கேள்விகளைக் கேளுங்கள். அப்பாவும் புகை பிடிப்பவராக இருந்தால், மகனோடு சேர்ந்து அவரும் அதே நாளில் விடட்டும்.

"நினைத்தால் விட்டு விடுவேன்" என்கிறீர்களே, இன்றைக்கே நினையுங்கள். எளிதாக விட முடிந்தால் நல்லது, மறுபடி தொடாதீர்கள். முடியவில்லை என்றால், இப்போதே உதவி கேளுங்கள். பிடி இன்னும் இறுகுவதற்குள் விடுபடுவது எளிது.