ஆசிட்டில் தண்ணீர் ஊற்றக் கூடாதாம்... இன்வெர்ட்டர் பேட்டரியில் மட்டும் எப்படி ஊற்றுகிறோம்?

வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியில் தண்ணீர் குறைந்தால் டிஸ்டில்டு வாட்டரை மேலாக ஊற்றுகிறோம். உள்ளே இருப்பதோ கந்தக அமிலம். அப்புறம் ஏன் கெமிஸ்ட்ரி லேபில் மட்டும் "ஆசிட்டில் தண்ணீர் ஊற்றாதே" என்று அவ்வளவு கறாராகச் சொல்கிறார்கள்?

விஷயம் செறிவில் இருக்கிறது. ஃபுல் சார்ஜில் உள்ள பேட்டரியில் அமிலம் எடை அளவில் சுமார் 35 சதவீதம்தான், மீதி தண்ணீர். வெளிவர வேண்டிய சூட்டில் பெரும்பகுதி, அதைத் தயாரிக்கும்போதே வெளியேறிவிட்டது. லேபுக்கு வரும் அடர் கந்தக அமிலம் அப்படியல்ல. அது 98 சதவீதம்.

இந்த அமிலம் ஒரு மி.லி. 1.84 கிராம். தண்ணீரைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கனம். அதன் மேல் தண்ணீரை ஊற்றினால் கீழே இறங்காது, மிதக்கும். இரண்டும் தொடும் இடத்தில் கிளம்பும் சூடு முழுவதையும் அந்த மெல்லிய நீர் அடுக்கே வாங்கிக்கொள்ளும். சட்டெனக் கொதித்து, அமிலத்தையும் சேர்த்து முகத்தில் தெறிக்கும். காயும் எண்ணெயில் ஈரக் கரண்டியை விட்டவர்களுக்கு இது தெரியும். இங்கே தெறிப்பது அமிலம், கண் போய்விடலாம். மாறாக, தண்ணீரில் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் அது கீழே இறங்கிக் கலக்கும். சூட்டை மொத்தத் தண்ணீரும் பங்கு போட்டுக்கொள்ளும்.

சரி, எவ்வளவு ஊற்றணும்? கணக்கு பாட்டில் லேபிளிலேயே இருக்கிறது. ஒரு லிட்டர் அமிலத்தின் எடை 1,840 கிராம். அதில் 98 சதவீதம், அதாவது 1,803 கிராம்தான் கந்தக அமிலம். மூலக்கூறு எடையான 98-ஆல் வகுத்தால் 18.4 மோலார். ஒரு லிட்டர் 1 மோலார் கரைசல் வேண்டுமென்றால் 1,000-ஐ 18.4-ஆல் வகுக்கணும்: 54.3 மி.லி.

பலர் சறுக்குவது இதற்குப் பிறகுதான். ஒரு லிட்டர் தண்ணீரை அளந்து அதில் 54 மி.லி. சேர்ப்பது தப்பு. பீக்கரில் அரை லிட்டர் போல தண்ணீர் எடுத்து, ஐஸ் தண்ணீருக்குள் வைத்து, கண்ணாடிக் கம்பியால் கலக்கிக்கொண்டே அமிலத்தை மெதுவாக விட வேண்டும். நன்றாக ஆறிய பிறகே ஸ்டாண்டர்டு ஃபிளாஸ்க்குக்கு மாற்றி, கோடு வரை தண்ணீர் சேர்க்கணும். சூடாக இருக்கும்போதே கோட்டைத் தொட்டால், ஆறும்போது அளவு சுருங்கி, செறிவு கணக்கைவிடக் கூடிவிடும்.

இன்னொரு பொறி, 'எம்'மா 'என்'னா என்பது. கந்தக அமிலத்தில் 1 மோலார் என்றால் 2 நார்மல். 1 நார்மல் கேட்டிருக்கும் இடத்தில் 54 மி.லி. ஊற்றினால் இரண்டு மடங்கு காரம்; தேவை 27 மி.லி.தான். லேபிளில் உள்ள சதவீதமும் துல்லியமானது அல்ல என்பதால், சரியான செறிவு தேவைப்படும் சோதனைக்கு முன் சோடியம் கார்பனேட்டை வைத்து டைட்ரேஷன் செய்து பார்த்துவிடுவது வழக்கம்.

கண்ணாடி, கையுறை, கோட் இல்லாமல் பாட்டிலைத் திறக்கவே கூடாது. புகை விடும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்றால் ஃபியூம் ஹூடுக்குள் மட்டும். மேலே பட்டுவிட்டால் சோடா மாவைத் தேடி ஓட வேண்டாம். நனைந்த துணியைக் கழற்றி, ஓடும் குழாய்த் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்துக் கழுவிவிட்டு, நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.