பொறித் தாங்கி

பொறித் தாங்கி என்பது ஊர்தியின் எஞ்சினை அடிச்சட்டத்துடன் இணைக்கும் உறுப்பு ஆகும். பட்டறைகளில் இது எஞ்சின் மவுண்டிங் எனப்படுகிறது. எஞ்சினின் எடையைச் சுமப்பதும், அதன் அதிர்வு அடிச்சட்டத்தை அடையாமல் குறைப்பதும், முறுக்குவிசையின் எதிர்வினையைத் தாங்குவதும் இதன் பணிகளாகும்.

முறுக்குவிசை

எஞ்சின் 100 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தர, முதல் கியர் விகிதம் 3.5 எனில், கியர்பெட்டியிலிருந்து ஏறத்தாழ 350 நியூட்டன் மீட்டர் வெளிப்படும். ஒன்றாகப் பிணைக்கப்பட்ட எஞ்சினையும் கியர்பெட்டியையும் இதே அளவு விசை எதிர்த்திசையில் திருப்ப முயலும். அதைத் தாங்கிகளே எதிர்கொள்கின்றன.

மாற்று எஞ்சினுக்குத் தாங்கி செய்தல்

வேறு வகை எஞ்சினுக்குப் பழைய தாங்கிகள் பெரும்பாலும் பொருந்துவதில்லை. எனவே எஞ்சினை உரிய இடத்தில் தொங்கவிட்டு, உந்துதண்டின் கோணமும் சுற்றியுள்ள இடைவெளியும் சரிபார்க்கப்படுகின்றன. பின்னர் அட்டையில் மாதிரி வெட்டி, அதன்படி எஃகுத் தகடு அறுக்கப்படுகிறது. தகடு முதலில் ஆங்காங்கே மட்டும் பற்றவைக்கப்படும். அளவு சரியெனக் கண்டபின் எஞ்சினை வெளியே எடுத்து முழுமையாகப் பற்றவைப்பர். அதிர்வைக் குறைக்க இடையில் இரப்பர் வைக்கப்படும். இரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே எஞ்சினிலிருந்து சட்டத்திற்குத் தனி எர்த் கம்பி தேவை.

மீன்பாடி வண்டி

சென்னையில் மூன்று சக்கர மிதிவண்டியில் பழைய இருசக்கர ஊர்தியின் எஞ்சினைப் பொருத்தி ஓட்டப்படுவது மீன்பாடி வண்டி ஆகும். இதில் தாங்கி உறுதியாக இருந்தாலும், மிதிவண்டிக்கென அமைந்த சட்டமும் தடுப்பும் எஞ்சினின் வேகத்திற்கு ஏற்றவையல்ல.

சட்டநிலை

இந்திய மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றின் விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து வேறுபடும்படி ஊர்தியை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம் இத்தடையை உறுதிசெய்தது.